ஈர்ப்பு விசை மாறினால் உடம்புக்குள் ஓடும் மின்சாரம் என்னவாகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2025 ஜூன் மாதம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது பச்சைப்பயறும் வெந்தயமும் கூடப் போயின, அங்கே முளைக்க வைக்கப்பட்டன என்று செய்தி வந்தது. அன்று பிடித்தது சனி. டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் "சார், அங்க வேர் எந்தப் பக்கம் போகும்?" என்று தொடங்கிய கேள்விகள், நரம்பு, காது, இதயம் என்று சுற்றி, உயிருள்ள உடம்பின் மின்சாரத்தில் வந்து நின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும். சிலவற்றுக்கு நாலு வரியே ஜாஸ்தி.

உடம்பில் கரண்ட் ஓடுகிறது என்பது பேச்சுக்குச் சொல்வதா, நிஜமா?

நிஜம்தான். ஆனால் கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். உடம்பில் ஓடுவது உப்பு. சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகியவற்றின் அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள், செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும்தான் அந்த மின்சாரம்.

நம்மூர்க்காரர்களுக்கு மதகைக் காட்டினால் போதும். ஆற்றில் தண்ணீர் மட்டம் உயரம், வாய்க்காலில் தாழ்வு, நடுவில் ஷட்டர் இறக்கியிருக்கிறது. அந்த மட்ட வித்தியாசத்தை வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். இந்த வித்தியாசம் வடிந்துவிடாமல் இருக்கச் சவ்வில் ஒரு பம்ப் இராப்பகலாக ஓடுகிறது: ஒவ்வொரு இறைப்புக்கும் 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. சவ்விலுள்ள புரத மதகு ஒன்று திறந்தால் அயனிகள் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலை உணர்ந்து பக்கத்து மதகு திறக்கிறது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. நரம்புச் செய்தி என்பது இந்த ஓட்டம்தான். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து 1952-ல் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மதகுகள் ஒரே மாதிரி இல்லை. மின்னழுத்தம் மாறினால் திறப்பது ஒரு வகை. ரசாயனம் வந்து ஒட்டினால் திறப்பது இன்னொன்று. மூன்றாவது வகை, சவ்வை இழுத்தாலோ அழுத்தினாலோ திறப்பது. அந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், கீழே அடிக்கடி வரும். விலங்குகளில் அப்படிப்பட்ட பியசோ என்ற மதகுகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2021-ல் அர்டெம் பட்டபூட்டியனுக்கு நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள்.

ஈர்ப்பு எல்லாவற்றையும் கீழே இழுக்கிறதே, இந்த அயனிகளையும் இழுத்துச் செல்லின் அடியில் படிய வைத்துவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பதில் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கே கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் எவ்வளவு தூரம் என்று உறைத்தது.

சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்தில் 70 மில்லிவோல்ட் நின்றால் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் என்று கணக்கு வருகிறது. அந்த மின்புலம் ஒரு சோடியம் அயனியைத் தள்ளும் விசை, அதே அயனியைப் பூமி இழுக்கும் விசையைப் போலச் சுமார் 4 லட்சம் கோடி மடங்கு.

மின்சாரத்தை விடுங்கள், சாதாரணச் சூட்டோடு ஒப்பிட்டாலும் ஈர்ப்பு எடுபடாது. பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) உயரமுள்ள செல்லில் அயனி மேலிருந்து கீழே விழுந்தால் கிடைக்கும் ஆற்றல், அது வெப்பத்தால் சதா துள்ளிக்கொண்டிருக்கும் ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆகவே அயனி படியவே படியாது. என் மதகு உவமை இந்த இடத்தில் கவிழ்ந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வரை வருவது ஈர்ப்பால், அயனி ஓடுவதில் ஈர்ப்புக்குப் பங்கே இல்லை.

அப்படியானால் ஈர்ப்பு மாறினாலும் உடம்பின் மின்சாரம் மாறக் கூடாதே?

இடையில் கனமான ஆள் ஒருவர் இல்லையென்றால் மாறாது.

செடியின் செல்லுக்குள் இருக்கும், மூன்று மைக்ரான் பருமனுள்ள ஒரு மாவுமணியை (ஸ்டார்ச் துகள்) எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதே பத்து மைக்ரான் விழுந்தால், வெப்பத் துள்ளலைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல் ஆற்றல் வருகிறது. அயனியைக் கண்டுகொள்ளாத ஈர்ப்பு, மாவுமணியை நன்றாகவே இழுத்துப் போடுகிறது. விழுந்த மணி எதையாவது அழுத்தும். அழுத்தினால் அந்த மூன்றாவது வகை மதகு திறக்கலாம், அதன்பின் மின்சாரம் மாறும். செடியில் மாவுமணி, நம் காதில் சுண்ணாம்புக் கல், கழுத்து நாளத்தில் ரத்தத்தின் பாரம் என்று உயிர்கள் ஆளுக்கொரு பாரத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன.

முளைப்பாரியை இருட்டறையில்தானே வளர்க்கிறோம்? வெளிச்சமே இல்லாமல் எப்படி நேராக மேலே வருகிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. மாரியம்மன் கோயில் முளைப்பாரியோ கல்யாணப் பாலிகையோ, வெளிறிப்போய் மஞ்சளாக இருந்தாலும் அத்தனை முளையும் சொல்லி வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். விதை எந்தக் கோணத்தில் விழுந்தாலும் வேர் கீழேதான் போகும். இருட்டில் அதற்கு இருக்கும் ஒரே வழிகாட்டி ஈர்ப்பு.

1806-ல் தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர் ஓடையில் தண்ணீரால் சுற்றும் சக்கரத்தின் விளிம்பில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். வேர்கள் வெளிப்புறமாகவும் குருத்துகள் அச்சை நோக்கியும் வளர்ந்தன. ராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளுகிற விசையை வேர் 'கீழ்' என்று எடுத்துக்கொண்டுவிட்டது! அதாவது வேருக்குப் பூமி தெரியாது, எந்தப் பக்கம் பாரம் இழுக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

உணரும் இடம் வேர்நுனித் தொப்பி. அதன் நடுச்செல்களில் மாவுமணிகள் அடியில் படிந்து கிடக்கும். வேரைப் படுக்க வைத்தால் மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்கு வரும். 1985-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேர்த்தொப்பிச் செல்லுக்குள் நுண்ணிய மின்முனையைச் செருகி, செடியைச் சாய்த்துப் பார்த்தார்கள். சாய்த்து 8 நொடியில் கீழ்ப்பக்கச் செல்லின் மின்னழுத்தம் நகரத் தொடங்கியது. சுமார் 25 மில்லிவோல்ட் குறைந்து, ஒரு நிமிடத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. வேர் வளைவது கண்ணுக்குத் தெரிய வெகு நேரம் ஆகும். சேதி மட்டும் எட்டே நொடியில் கிளம்பிவிடுகிறது.

இதில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1910களின் கடைசியில், தண்டுக்குள் மெல்லிய மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போய், ஒவ்வொரு ஆழத்திலும் செடியைச் சாய்த்து மின் மாற்றத்தை அளந்தார். மாவுமணிகள் உள்ள அடுக்குக்குள் முனை போனபோதுதான் மாற்றம் உச்சத்தில் இருந்தது. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றும் மலைப்பு.

மின்னழுத்தம் மாறிய பிறகு செல்லுக்குள் கால்சியமும் அமில காரத் தன்மையும் மாறுகின்றன. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கடத்தும் புரதங்கள் கீழ்ப்பக்கம் கூடுகின்றன. வேரின் கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் சேர்ந்தால் அங்கே வளர்ச்சி மட்டுப்படும், மேல்பக்கம் முந்தும், வேர் கீழே வளையும். தண்டில் இதே ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டுவதால் அது மேலே வளைகிறது. மின் மாற்றம்தான் ஆக்சினை நகர்த்துகிறதா, இல்லை இரண்டும் ஒரே தூண்டலின் இரு விளைவுகளா என்பதில் வாதம் ஓயவில்லை. 'செடியின் மூளை' என்றெல்லாம் எழுதுபவர்கள் இந்த வாதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

விண்வெளியில் அந்தப் பயறு வேர் எந்தப் பக்கம் போகும்?

மாவுமணி படியாது, மிதக்கும். அதனால் விதை எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டதோ அந்தப் பக்கமே வேர் கிளம்பும், பிறகு ஈரத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்து அலையும். சுக்லாவுக்கு முன்பே இஸ்ரோ ஒரு சோதனை செய்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் கடைசி அடுக்கையே சுற்றுப்பாதையில் ஆய்வு மேடையாக வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியில் 8 காராமணி விதைகளை முளைக்க வைத்தார்கள். நாலாம் நாள் முளைத்தன. பிறகு இலையும் விட்டது.

ஐப்பசி மழையில் சாய்ந்த நெல் தானாக எழுந்துவிடுகிறதே, அதுவும் இதேதானா?

இதேதான். புல் இனத்தில் தண்டின் கணுவை ஒட்டி இலையுறையின் அடியில் ஒரு தடித்த வளையம் உண்டு, அதற்குள்ளும் மாவுமணிகள். தண்டு சாய்ந்தால் வளையத்தின் கீழ்ப்பக்கச் செல்கள் மட்டும் நீளும், கணு மடங்கிப் பயிர் நிமிரும். செல்கள் உயிரோடு, நீளும் பருவத்தில் இருக்கவேண்டும். கதிர் முற்றித் தாள் பழுத்த பிறகு சாய்ந்தால் எழுந்திருக்காது என்பதை எந்த விவசாயிக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஆளுயர ரகங்களில் கணு எவ்வளவுதான் போராடினாலும் நீளத்தின் பாரம் வென்றுவிடும்.

நெல்லில் லேஸி-1 என்றொரு மரபணு உண்டு. 2007-ல் அடையாளம் கண்டார்கள். அது கெட்டுப்போன பயிரின் தூர்கள் நிமிராமல் சோம்பேறி மாதிரி தரையோடு பரந்து கிடக்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஆக்சினைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிடுகிற வேலையில் அதற்குப் பங்கு இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயலில் வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் சாய்ந்தும் சாகாமல் தப்பிய தென்னைகளின் உச்சி, பிறகு மேலே திரும்பி வளைந்திருக்கும். அந்த வளைவும் இதே கதைதான். அடிமரம் திரும்பாது, புதிதாக வளரும் குருத்துப் பகுதி மட்டுமே திரும்பும்.

மாவுமணியோ காதோ இல்லாத ஒரு செல் உயிருக்கு மேல் கீழ் தெரியுமா?

வைக்கோலைக் குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செருப்பு வடிவத்தில் நெளிந்து ஓடும் பாரமீசியம் கட்டாயம் இருக்கும். அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம், சும்மா இருந்தால் மூழ்கும். ஆனால் சோதனைக்குழாயில் விட்டால் கூட்டம் மேலே சேரும்.

அதன் உடம்பின் முன்புறம் தொட்டால் கால்சிய மதகு திறந்து மின்னழுத்தம் ஒரு திசையில் மாறும், பின்னே நீந்தும். பின்புறம் தொட்டால் பொட்டாசிய மதகு திறந்து எதிர்த்திசையில் மாறும், முன்னே வேகமெடுக்கும். இப்போது அது மேல்நோக்கி நீந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கூழின் பாரம் முழுவதும் பின்புறச் சவ்வில் உட்காருகிறது. யாரோ பின்னால் லேசாகத் தட்டிக்கொண்டே இருப்பது போல. அதனால் வேகம் கூடி, மூழ்கும் இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்கிறது. தனியாக ஒரு கல்லைச் சுமக்காமல் தன் பாரத்தையே கல்லாக வைத்துக்கொண்ட உயிர். லாக்சோடிஸ் என்ற அதன் தூரத்து உறவு அவ்வளவு சிக்கனம் இல்லை, பேரியம் சல்ஃபேட் மணியையே உள்ளே சுமக்கிறது.

நாற்று நட்டுவிட்டு நிமிர்ந்தால் கிறுகிறுவென்று வருகிறதே, ஏன்?

இதைக் கேட்காத நடவாள் அக்கா யாரும் இல்லை. இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் ரத்தம். எழுந்து நின்ற மாத்திரத்தில் சுமார் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அழுத்தம் பார்க்கும் நரம்பு முனைகள் உண்டு. நாளச்சுவர் புடைத்தால் அடிக்கடி துடிக்கும், தளர்ந்தால் துடிப்பு குறையும். சுவரின் இழுப்பை மின் துடிப்பாக மாற்றுவது அந்த பியசோ மதகுகள்தான் என்று 2018-ல் எலிகளில் காட்டினார்கள். துடிப்பு குறைந்த சேதி மூளைக்குப் போய், இதயம் வேகமெடுத்து, நாளங்கள் இறுகச் சில நொடி ஆகும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்தே வேலை செய்தவருக்கு அந்தச் சில நொடி போதாது, கண் இருட்டும்.

இரண்டாவது காது. உட்காதில் இரண்டு சின்னப் பைகள், அவற்றில் பசைப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள். கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதே பொருள். தலை சாய்ந்தால் துகள் படலம் சரிந்து, கீழே உள்ள செல்களின் மயிரிழைகளை வளைக்கும். ஒரு பக்கம் வளைந்தால் மதகு திறந்து பொட்டாசியம் உள்ளே பாய்ந்து நரம்புத் துடிப்பு கூடும், மறுபக்கம் வளைந்தால் குறையும். இந்தத் துகள்களில் சில கழன்று பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகமே சுற்றும். படுக்கையில் புரண்டாலே சுற்றுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இதை 'காத்துக் கருப்பு' என்று ஆறு மாதம் மந்திரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே உட்காரலில் சரியாயிற்று.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே கிடையாதாமே?

உண்டு. 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. கிணற்றில் குதிக்கும் பையனுக்கு ஒரு நொடி கிடைப்பது அவர்களுக்கு நாள் முழுக்க.

அங்கே காதின் கல் மிதக்குமே? அப்போது நரம்பு என்ன சேதி அனுப்பும்?

தலையைச் சாய்த்தாலும் கல் சரியாது. கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். போனவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் வாந்தியும். பிறகு மூளை பழகிக்கொள்கிறது.

மூளை மட்டும்தான் பழகுகிறதா, காதே மாறுகிறதா என்ற கேள்விக்கு 1998-ல் ஒரு மீன் பதில் சொன்னது. தேரை மீன் என்ற கடல்மீன்களை அந்த ஆண்டு இரண்டு விண்ணோடப் பயணங்களில் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் காது நரம்பின் துடிப்பை நேரடியாக அளந்தார்கள். முதல் நாளில், அதே அளவு அசைவுக்குச் சராசரியாக மூன்று மடங்கு துடிப்பு! சுமார் 30 மணி நேரத்தில் இயல்புக்கு வந்தது. பாரம் கிடைக்காத நாட்களில் காது தன் வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டது, தரைக்கு வந்ததும் அலறியது என்று புரிந்துகொள்ளலாம். வீரர்கள் இறங்கியதும் தள்ளாடுவதில் இதற்கும் ஒரு கை உண்டு.

கல்லும் வேண்டாம், மாவும் வேண்டாம். வெறும் நரம்புச் செல்லுக்கு ஈர்ப்பு தெரியுமா?

முக்கியமான கேள்வி, சர்ச்சைக்குரியதும் கூட. என் கணக்குப்படி தெரியக் கூடாது. சோதனைகளோ தெரிகிறது என்கின்றன.

எடையின்மையைத் தரையருகே பெற வழிகள் குறைவு. ஜெர்மனியின் பிரெமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரத்தில் பெட்டியைக் கீழே போட்டால் 4.74 நொடி கிடைக்கும். விமானத்தை மேலே ஏற்றி வளைவாக விழவிட்டால் 20, 22 நொடி கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் 1.8 மடங்கு ஈர்ப்பு அழுத்தும். சின்ன ராக்கெட்டில் ஆறு நிமிடம் வரை.

ஜெர்மனியில் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் ஹாங்கேயின் குழு இவற்றில் மண்புழு நரம்பையும் அட்டையின் நரம்புச் செல்லையும் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தது. எடையின்மையில் மண்புழு நரம்பில் துடிப்பு ஓடும் வேகம் சற்றுக் குறைந்தது, மிகை ஈர்ப்பில் சற்றுக் கூடியது. செல்லே இல்லாமல், செயற்கைச் சவ்வில் பாக்டீரியாவின் மதகுப் புரதம் ஒன்றை மட்டும் பதித்துப் பார்த்தபோதும், எடையின்மையில் அது திறந்திருக்கும் வாய்ப்பு குறைந்து, மிகை ஈர்ப்பில் கூடியது. மனித நரம்புச் செல்களில் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் நகர்ந்தது. பின்னர் சவ்வையே அளந்தார்கள். எடையின்மையில் சவ்வு இளகுகிறது, மிகை ஈர்ப்பில் இறுகுகிறது. சவ்வு இளகினால் அதில் பதிந்த மதகின் நடத்தை மாறும், மதகு மாறினால் துடிப்பு மாறும் என்பது அவர்கள் விளக்கம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பத்து மைக்ரான் செல்லின் மேலுக்கும் அடிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுபோய் சவ்வை எப்படி இறுக்கும்? விமானத்தில் அதிர்வு உண்டு, வெப்பநிலை ஆடும், எடையின்மைக்கு முந்தைய நொடியில்தான் 1.8 மடங்கு பாரம் நசுக்கியிருக்கிறது. என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: வெவ்வேறு முறைகளில் ஒரே திசையில் பதில் வருவதால் விளைவு உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன், அளவு சிறியது, விளக்கம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

இதயத்துக்கும் எலும்புக்கும்?

இதயத்தின் மின் துடிப்பு அங்கேயும் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகிறது. ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் நீண்டநாள் தங்கிய ஒருவருக்கு 14 துடிப்புகள் தொடர்ச்சியாகத் தாறுமாறான வேகத்தில் அடித்து அடங்கியதை 1998-ல் வெளியிட்டார்கள். ரத்தம் தலைப்பக்கம் ஏறுவது, தூக்கம் கெடுவது, உப்புச் சமநிலை மாறுவது எல்லாம் கலந்திருக்கும்போது ஈர்ப்பை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

எலும்பை வளைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். ஜப்பானில் ஃபுகாடாவும் யசூடாவும் 1957-ல் காட்டினார்கள். எடை தாங்காத எலும்பு விண்வெளியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரைகிறது. அதில் இந்த மின்சாரத்துக்கு எவ்வளவு பங்கு என்றால், எலும்புச் செல்களைச் சுற்றி ஓடும் நீரின் உராய்வுக்குத்தான் பெரிய பங்கு என்று இப்போது பலரும் கருதுகிறார்கள்.

அமாவாசை, பௌர்ணமிக்கு நிலாவின் ஈர்ப்பு நரம்பைப் பாதிக்கும் என்கிறார்களே? கடலையே இழுக்கிறதே!

நாகப்பட்டினத்தில் கடல் ஏறி இறங்குவது, கடல் அவ்வளவு பெரியது என்பதால். நிலாவால் நம் எடையில் உண்டாகும் மாற்றம் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. வீட்டு மாடிப்படி ஏறி முதல் தளத்துக்குப் போனாலே பூமியின் ஈர்ப்பு அதைவிட ஏழெட்டு மடங்கு குறைந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமான உச்சியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு குறைவு. மாடி வீட்டுக்காரருக்கு வராத கோளாறு நிலாவால் வராது. இதைக் காட்டிக் காந்த வளையல் விற்றவர் ஒருவரிடம் என் சம்பந்தியே ஏமாந்தார், அந்தக் கதை வேண்டாம்.

செடியின் மின் துடிப்பை வீட்டில் பார்க்க முடியுமா?

தொட்டாற்சிணுங்கியில் முடியும். வரப்போரத்தில் கிடைக்கும், தொட்டியில் வையுங்கள். தெரிந்த பத்தரிடம் மெல்லிய வெள்ளிக் கம்பி கொஞ்சம் வாங்கி, துணி வெளுக்கும் ப்ளீச்சில் கருக்கும்வரை முக்கி எடுங்கள். மேலே வெள்ளிக் குளோரைடு படியும், அளவீடு அலையாது. ஒரு முனை இலைக்காம்பில் உப்புப் பசையோடு, மறுமுனை ஈரமண்ணில். உள்ளீட்டு மின்தடை அதிகமுள்ள சின்னப் பெருக்கி ஒன்று தேவை. இலை நுனியில் ஒரு பனிக்கட்டித் துண்டை வைத்தால், துடிப்பு நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வருவது திரையில் தெரியும். நம் கால் நரம்பில் அது நொடிக்குப் பத்துக்கணக்கான மீட்டர் ஓடும்.

பக்கத்து வயலில் போர் மோட்டார் ஓடினால் திரை முழுக்க 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான். நான் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன்.

தொட்டியைச் சாய்த்து ஈர்ப்பின் மின் மாற்றத்தைப் பிடித்துவிடலாம் என்று நானும் முயன்றேன். அழகான அலை வந்தது, இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு செத்துக் காய்ந்த காம்பில் கம்பியை வைத்துச் சாய்த்தேன். அதே அலை! கம்பி இழுபட்டதுதான் எல்லாம்.

பள்ளித் திட்டத்துக்கு எளிதாக ஏதாவது?

மின் அளவீடு வேண்டாம், விளைவைக் காட்டுங்கள். கண்ணாடித் தம்ளரின் உட்புறம் ஈரத்துணி சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பச்சைப்பயறு. வேர் ஒரு அங்குலம் இறங்கியதும் தம்ளரை மூடிப் படுக்க வைத்து இருட்டில் விடுங்கள். சில மணி நேரத்தில் நுனி திரும்பும். இன்னொரு தம்ளரில் வேர்நுனியை அரை மில்லிமீட்டர் போல நறுக்கிவிட்டுப் படுக்க வையுங்கள், அது வளராமல் நிற்காது, வளையத்தான் தெரியாமல் முழிக்கும்.

இன்னும் ஆசை இருந்தால், மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டாரில் தம்ளரைப் படுக்கை வாட்டில் பொருத்துங்கள். மின் இணைப்பைப் பெரியவர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. மாவுமணி ஒரு பக்கம் படிய நேரம் கிடைக்காமல் வேர் நேராகவே போகும். ஈர்ப்பை இது அகற்றவில்லை, திசையைக் குழப்புகிறது, அவ்வளவே. ஆய்வாளர்களும் விமானச் செலவுக்கு முன் இப்படித்தான் பார்க்கிறார்கள். என் மாணவர்கள் செய்த முதல் தம்ளரில் தண்ணீர் சுழன்று சுழன்று விதையெல்லாம் ஒரே மூலையில் குவிந்து அழுகிப்போனது. துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது.

விண்வெளியில் நெல் விளையுமா?

விளைந்துவிட்டது. 2022-ல் சீன விண்வெளி நிலையத்தில் விதையிலிருந்து விதை வரை ஒரு சுற்று முடித்தார்கள். செடிகள் தரையில் இருப்பதைவிட விரிந்து பரந்து நின்றன. ஆன நாள் 120. நம் குறுவை ரகங்கள் 105, 110 நாளில் களத்துமேட்டுக்கு வந்துவிடும்.